குறுக்கு விசாரணை இல்லை

நம் ஊர்க் குற்றவியல் நீதிமன்றக் காகிதங்களில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தமிழில் ஒரு பெயர் உண்டு: எதிரி. தீர்ப்பு வந்திருக்காது, சாட்சி ஒருவர்கூட வாய் திறந்திருக்க மாட்டார், ஆனாலும் அவர் '1-ஆம் எதிரி'. யாருக்கு எதிரி என்று கேட்டால் பெஞ்ச் கிளார்க் சிரிப்பார். பழக்கத்தில் வந்த சொல். சொல்தானே என்று விட்டுவிடலாம். விட முடியாத ஒரு வரி அதே கட்டுக்குள் வேறொரு தாளில் இருக்கிறது. அரசுத் தரப்பு சாட்சி சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்து முடித்தபின் கடைசியில் வருவது: 'எதிரி தரப்பு குறுக்கு விசாரணை: இல்லை.'

சில சமயம் அந்த 'இல்லை' கெட்டிக்கார வக்கீலின் முடிவாக இருக்கும். தன் கட்சிக்காரருக்குப் பாதகமாக எதுவும் சொல்லாத சாட்சியை எதற்குக் கிளற வேண்டும் என்று உட்கார்ந்திருப்பார். நான் பேச வந்தது அந்த 'இல்லை'யைப் பற்றி அல்ல. வழக்குக் கட்டைப் படிக்காத, கட்சிக்காரரின் முகம் தெரியாத, போன் எடுக்காத ஒரு வக்கீல் சொல்லும் 'இல்லை' இருக்கிறதே, அதைப் பற்றி. அதிலும் அந்த வக்கீல் நாம் தேடிப்போய்ப் பிடித்தவர் இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்காக, அரசு செலவில், சட்டம் கொடுத்தவர்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். வக்கீலே இல்லாத எதிரியைவிட, பேசாத வக்கீல் வாய்த்த எதிரியின் நிலைமை மோசம். இதைச் சொன்னால் வக்கீல் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. "ஏதோ ஒருத்தர் இருக்காருல்ல, அதுவும் இல்லைனா என்ன பண்ணுவீங்க?" என்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் பதில் சொல்லி நாற்பது வருஷம் ஆகப்போகிறது.

அருணாச்சலப் பிரதேசம் யூனியன் பிரதேசமாக இருந்தபோது, சுக் தாஸ் என்பவர்மேல் ஒரு மிரட்டல் வழக்கு. வக்கீல் வைக்கப் பணமில்லை. இலவச வக்கீல் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. அவரே நின்றார், இரண்டு வருடத் தண்டனை வாங்கினார். 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அவர் கேட்கவில்லை என்பது பதிலாகாது, கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்றது. அதற்கு ஐந்து வருடம் முன்பு பாகல்பூர் வழக்கு. காவலில் இருந்தவர்களின் கண்களைக் குருடாக்கிய அந்தக் கொடுமையில், மாஜிஸ்திரேட்டுகள் ஏன் வக்கீல் ஏற்பாடு செய்யவில்லை என்பதற்குக் கிடைத்த விளக்கம், கைதிகள் கேட்கவில்லை என்பதுதான். கண் போனவன் மனு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் போலிருக்கிறது. அந்த விளக்கத்தை உச்ச நீதிமன்றம் அப்போதே தள்ளிவிட்டது.

ஆக, வக்கீல் இல்லையென்றால் வழக்கு நிற்கும். மாஜிஸ்திரேட் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தாமல் நடத்தித் தண்டித்தால் மேல்நீதிமன்றத்தில் அது நிலைக்காது. ஆனால் வக்காலத்தில் ஒருவர் கையெழுத்து இருந்துவிட்டால் போதும், வழக்கு ஓடும். 'எதிரிக்கு வழக்கறிஞர் உண்டு' என்று காகிதம் சொல்லிவிடும். அவர் வந்தாரா, பேசினாரா, எதிரியை ஒருமுறையாவது பார்த்தாரா என்பதற்கெல்லாம் அந்தக் காகிதத்தில் கட்டம் கிடையாது. எதிரியைக் காப்பாற்றப் போட்ட கையெழுத்து கடைசியில் வழக்கைத்தான் காப்பாற்றுகிறது.

2023-இல் என் சித்தி மகனைக் கைது செய்தார்கள். தென்மாவட்டம் ஒன்றில், பழைய மோட்டார்களை வாங்கிப் பிரித்து விற்கும் குடோனில் வேலை. காப்பர் காயில் திருடிவிட்டான் என்று முதலாளி புகார். வேலைக்காரன் முதலாளியிடம் திருடினான் என்ற பிரிவு, அதிகபட்சம் ஏழு வருடம். சித்தியிடம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை. காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவிக்கு உரியவர் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவில் சொல்கிறது. அதன்படி மனு கொடுத்தோம். ஒரு வாரத்தில் வக்கீல் பெயரும் கைபேசி எண்ணும் வந்தன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அதற்குப் பிறகுதான். முதல் நாள் போனை எடுத்தார். "பாத்துக்கலாம்மா, பேப்பர் வரட்டும்" என்றார். அதோடு சரி. மணி அடிக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் இரண்டு நீல டிக் விழும். நீதிமன்றத்துக்கு நேரில் போனால் "சார் மேல் கோர்ட்டுக்குப் போயிருக்காரு", "சார் இப்பதான் கிளம்புனாரு". சித்தி ஒருமுறை அவர் வீட்டு வாசலில் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை நின்றிருக்கிறாள். கார் வெளியே வந்தது, கண்ணாடி இறங்கவில்லை. ஊரில் செத்த வீட்டுக்காரர்களிடம்கூட இப்படி முகம் திருப்பிக்கொண்டு போகமாட்டார்கள்.

மனு போட்டுச் சிறையில் தம்பியைப் பார்க்கும்போதெல்லாம் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "வக்கீல் சார்கிட்ட சம்பள நோட்டு விஷயத்தைச் சொல்லிட்டீங்களா அக்கா?" குடோனில் மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அதைக் கேட்டுச் சண்டை போட்ட மறுநாள்தான் புகார். பாக்கித் தொகையை முதலாளியே தன் கையால் எழுதிக் கொடுத்த ஒரு சின்ன நோட்டு வீட்டில் இருக்கிறது. திருடினானா இல்லையா என்று நான் இங்கே தீர்ப்பு சொல்ல வரவில்லை. நான் அவன் அக்கா, என் வார்த்தையை யாரும் நம்பத் தேவையில்லை. ஆனால் அந்த நோட்டை அவனுடைய வக்கீல் பார்த்திருக்க வேண்டுமா, கூடாதா?

இப்போது அறுபது நாள் கதைக்கு வருகிறேன். இது ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய கணக்கு. ஒருவரைக் காவலில் வைத்துவிட்டு, குறிப்பிட்ட நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லையென்றால், அவருக்கு ஜாமீன் தானாக உரிமையாகிவிடுகிறது. மிகக் கடுமையான குற்றங்களுக்கு 90 நாள், இதுபோன்ற வழக்குக்கு 60 நாள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 167(2), இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 187(3). வழக்கு எவ்வளவு பலமானது, பலவீனமானது என்ற பேச்சே அங்கே கிடையாது. ஜாமீன் தரத் தயாராக இருந்தால் வெளியே விட்டாக வேண்டும். ஒரே ஒரு கொக்கி: அந்த உரிமையைக் கேட்க வேண்டும். 60 நாள் முடிந்தபின், குற்றப்பத்திரிகை வருவதற்கு முன், கேட்க வேண்டும். கேட்பதற்குள் பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போச்சு.

ஐம்பத்தெட்டாம் நாள் வக்கீலுக்கு எழுதினேன்: "சார், நாளை மறுநாளோடு 60 நாள் முடிகிறது. மனு போட வேண்டும்." நீல டிக். அறுபத்தோராம் நாள், அறுபத்திரண்டாம் நாள் போன். சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனேன். "வக்கீல் போட்டாச்சேம்மா, அவர்ட்டதான் பேசணும்" என்றார்கள். வேறு வக்கீலைப் பார்த்தேன். அவர் நியாயமான மனிதர், ஆனால் ஒரு சிக்கல் சொன்னார். ஏற்கெனவே வக்காலத்து போட்டவர் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாற்றக் கோரி நீதிமன்றத்தில் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். அதாவது, போன் எடுக்காத வக்கீலை மாற்றுவதற்கு, போன் எடுக்காத வக்கீலின் கையெழுத்து வேண்டும்.

அறுபத்தேழாம் நாள் குற்றப்பத்திரிகை தாக்கலானது.

இதில் எனக்கு வயிறு எரிவது எங்கே தெரியுமா? அசாமில் ராகேஷ் குமார் பால் என்பவர் வழக்கு. அந்த மாநிலத்தின் அரசுப் பணியாளர் தேர்வாணையத் தலைவராக இருந்தவர், ஊழல் புகாரில் கைதானவர். 2017-இல் அவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாக ஒன்றைச் சொன்னது: நாள் கடந்த ஜாமீனை எழுத்தில்தான் கேட்க வேண்டும் என்பதில்லை, வாயால் கேட்டாலே போதும். அதோடு, இப்படி ஒரு உரிமை வந்திருக்கிறது என்பதைக் கைதிக்கு நீதிமன்றமே தெரிவிப்பது நல்லது என்றும் சொன்னது. பெரிய பதவியில் இருந்தவருக்கு வாதாட வக்கீல் இருந்தார், அதனால் நாட்டிலுள்ள எல்லாக் கைதிகளுக்கும் ஒரு வழி திறந்தது. சந்தோஷம். ஆனால் என் தம்பி அறுபதாவது நாளுக்கும் அறுபத்தேழாவது நாளுக்கும் நடுவே வீடியோ கான்ஃபரன்ஸில் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்பட்டிருக்கிறான். காவல் நீட்டிக்கப்பட்டது. ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும் என்றான். அந்த ஒன்றரை நிமிடத்தில் "ஐயா, எனக்கு அறுபது நாள் முடிஞ்சிருச்சு, ஜாமீன் வேணும்" என்று சொல்லியிருந்தால் போதும். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அதை யார் சொல்லிக் கொடுப்பது? அதற்காகத்தானே சட்டம் ஒரு வக்கீலைக் கொடுத்தது?

பிறகு சித்தி தோட்டை அடகு வைத்து, தனியாக ஒரு வக்கீல் பிடித்து, அமர்வு நீதிமன்றத்தில் ஜாமீன் வாங்கினோம். அன்றைக்குத் தொண்ணூற்றெட்டாம் நாள். நடுவில் போன முப்பத்தெட்டு நாளுக்கு யாரிடமும் கணக்குக் கேட்க முடியாது. அப்படி ஒரு பதிவேடு எங்கும் இல்லை.

இதையெல்லாம் சொல்லும்போது வரும் முதல் பதில், "ஓசியில கிடைக்கிறதுக்கு இவ்வளவுதான்." இதைச் சொல்வது பணக்காரர்கள் இல்லை. எங்கள் தெருவிலேயே சொன்னார்கள். சித்தியே சொன்னாள். "சும்மா வர்றவருகிட்ட எப்பிடி பாப்பா அதட்டிக் கேக்குறது?" என்றாள். ரேஷன் கடையில் புழுத்த அரிசி போட்டால் சண்டைக்குப் போகிற சனம், சட்ட உதவி வக்கீலிடம் மட்டும் கைகட்டி நிற்பது ஏன்? அங்கே உரிமை என்று பழகிவிட்டது, இங்கே தயவு என்று பழக்கியிருக்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 39-ஏ 1976-இல் சேர்க்கப்பட்டது. 1979-இல் உசைனாரா காத்தூன் வழக்கில், இலவச சட்ட உதவி என்பது நியாயமான விசாரணையிலிருந்து பிரிக்க முடியாதது என்று தீர்ப்பாகிவிட்டது. 2010-இல் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு கொண்டுவந்த ஒழுங்குமுறை விதிகளின் தலைப்பிலேயே 'இலவச' என்பதோடு 'தகுதிவாய்ந்த' என்ற சொல்லும் இருக்கிறது. தகுதிவாய்ந்த இலவச சட்ட சேவை. வழக்கு எப்படிப் போகிறது என்று பார்க்க ஒரு கண்காணிப்புக் குழு வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஆகவே இது ஓசி இல்லை. கட்டணத்தை நாம் எல்லோரும் சேர்ந்து கட்டிவிட்டோம். வேலை மட்டும்தான் பாக்கி.

இரண்டாவது பதில் வக்கீல்களிடமிருந்து வருவது, அதில் உண்மை இருக்கிறது. "ஒரு கேஸுக்குக் குடுக்குற காசு டீச்செலவுக்குக் காணாது. அதுவும் பில் போட்டு எப்ப வரும்னே தெரியாது" என்றார் ஒரு நண்பர். ஒத்துக்கொள்கிறேன். கட்டணத்தை உயர்த்த வேண்டும், காலத்தில் கொடுக்க வேண்டும், அதற்காக அவர்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு செய்தால்கூட நான் பக்கத்தில் நிற்பேன். ஆனால் ஒன்று: பேனலில் யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதில்லை. விண்ணப்பித்து, பட்டியலில் பெயர் வந்தபின், லெட்டர் பேடில் அதையும் அச்சடித்துக்கொள்கிறார்கள். அச்சடித்த பெயருக்கு ஒரு போன் எடுக்கும் கடமைகூடக் கிடையாதா? கூலி குறைவு என்பது கூலி கொடுப்பவரிடம் போட வேண்டிய சண்டை. அதைக் கம்பிக்குப் பின்னால் இருப்பவனிடம் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது பதில்தான் அசிங்கமானது. "திருட்டுப் பயலுக்கு எதுக்கு வக்கீல்?" என்பது. இணையத்தில் எந்த வழக்குச் செய்திக்குக் கீழும் பார்க்கலாம். வக்கீல்கள் சங்கங்களே சில சமயம் இதைத் தீர்மானமாகப் போட்டிருக்கின்றன. கோயம்புத்தூரில் சில போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல்கள் சங்கம் போட்ட தீர்மானம் உச்ச நீதிமன்றம்வரை போய், 2010-இல் அப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாமே செல்லாது என்று தீர்ப்பானது. அதில் ஆஜராகாமல் இருந்தவர்கள் குறைந்தபட்சம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்தார்கள். வக்காலத்தையும் போட்டுவிட்டு, போனையும் எடுக்காமல் இருப்பவர் அதே புறக்கணிப்பை ஓசையில்லாமல் செய்கிறார். தீர்மானம் இருந்தால் ரத்து செய்யலாம். மௌனத்தை எந்த ரிட் மனுவில் ரத்து செய்வது?

நல்லவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதே நீதிமன்ற வளாகத்தில் ஓர் இளம் பெண் வக்கீல் இருக்கிறார், அவரும் சட்ட உதவிப் பட்டியலில் உள்ளவர்தான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். ஒவ்வொரு கைதிக்கும் ஒரு பக்கம்: பெயர், காவலில் வைத்த தேதி, அறுபதாம் நாள், தொண்ணூறாம் நாள், வீட்டு போன் நம்பர். சிறைக்குப் போய்வந்த தேதிகள் ஓரத்தில். பார்த்தபோது பொறாமையாக இருந்தது. என் தம்பியின் மனு ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் ஒருவேளை அவர் பெயர் வந்திருக்கலாம். இந்த 'ஒருவேளை'தான் பிரச்சினையே. உரிமை என்று சட்டம் எழுதிவைத்ததை, யார் பெயர் வரும் என்ற குலுக்கல் சீட்டாக மாற்றி வைத்திருக்கிறோம். அந்தப் பெண்ணின் நோட்டு அவருடைய சொந்தக் காசில் வாங்கியது. அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை, அது இல்லாத மற்றவரிடமும் யாரும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று யோசித்தால், பேசாத வக்கீலின் மௌனம் அவருடைய சுபாவம் மட்டும் இல்லை என்று புரிகிறது. பணம் கொடுத்து வக்கீல் வைத்தவர் அவரை மாற்றுவார், ஊரில் நாலு பேரிடம் சொல்வார், அடுத்த வழக்கு போகும். வக்கீல் பயப்படுவார். சட்ட உதவி வக்கீலைப் பெயர் போட்டு அனுப்புவது ஆணைக்குழு, அவர் வந்தாரா என்று பார்ப்பது நீதிமன்றம், பில்லைப் பாஸ் பண்ணுவது அலுவலகம். இந்த மூன்றிலும் கைதியின் கையெழுத்துக்கு இடமில்லை. பெயருக்குத்தான் கைதி கட்சிக்காரர். உண்மையான கட்சிக்காரர் வழக்குக் கட்டு. கட்டு நகர்ந்தால் வக்கீல் வேலை செய்ததாகிவிடும். எந்தப் பக்கம் நகர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த நகர்வின் வேகம் எவ்வளவு போக முடியும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தின் அனோகிலால் வழக்கைப் பார்க்கலாம். 2013-இல் ஒன்பது வயதுச் சிறுமியின் கொலை. ஊர் கொதித்துப்போயிருந்தது, அந்தக் கொதிப்பில் தவறு சொல்ல மாட்டேன். அவருக்கு நீதிமன்றம் வக்கீலை நியமித்த அதே நாளில் குற்றச்சாட்டு வனையப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் விசாரணை முடிந்து தூக்குத் தண்டனை. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ விழக்கூடிய வழக்குகளில் குறைந்தது பத்து வருட அனுபவம் உள்ளவரைத்தான் நியமிக்க வேண்டும், தயாராக ஏழு நாளாவது தர வேண்டும் என்றும் சொன்னது. கடைசியில் 2024-இல், பதினோரு வருடச் சிறைக்குப் பிறகு, அவர் விடுதலையானார். காப்பாற்றியது மரபணுச் சான்று. அது முதல் விசாரணையின்போதே கோப்பில் இருந்த சங்கதி. படிக்க நேரம் இருந்திருந்தால், கேட்க ஆள் இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தையின் பெற்றோருக்கும் அந்த அவசரம் என்ன நியாயத்தைக் கொடுத்தது?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. நீதிமன்றம் நியமித்த வக்கீல் விசாரணையின்போது திரும்பத் திரும்பத் தூங்கிய வழக்கு ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸில் உண்டு, பர்டைன் வழக்கு என்பார்கள். 1984-இல் மரண தண்டனை. தூங்கும் வக்கீல் வக்கீல்தானா என்று முடிவு செய்ய அங்கேயும் 2001 வரை ஆனது. தூங்கியதால் பாதிப்பு வந்தது என்று நிரூபிக்கப்படவில்லை என முதலில் மேல்முறையீட்டு அமர்வு ஒன்று கைவிரித்தது. பிறகு அதே நீதிமன்றத்தின் முழு அமர்வுதான், முக்கியமான நேரத்தில் உணர்வில்லாதவர் இருப்பதும் இல்லாததும் ஒன்றே என்று ஏற்றுக்கொண்டது. எங்களுக்கு வாய்த்தவர் நீதிமன்றத்தில் ஒருநாளும் தூங்கவில்லை. தூங்குவதற்கு முதலில் வர வேண்டும்.

வந்திருக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது. 2024-இல் தம்பி வழக்கு விசாரணைக்கு வந்தது. ஜாமீனுக்கு வைத்த வக்கீலுக்கே சித்தி இன்னும் கடன் அடைத்துக்கொண்டிருந்ததால், விசாரணை அந்தச் சட்ட உதவி வக்கீலிடமே இருந்தது. முதல் சாட்சி குடோன் முதலாளி. கூண்டில் ஏறி எல்லாம் சொன்னார். எங்கள் வக்கீலுக்குப் பதில், நாங்கள் அதற்குமுன் பார்த்தே இராத ஒரு ஜூனியர் எழுந்து, தம்பி பக்கம் திரும்பாமலே, "குறுக்கு இல்லை யுவர் ஆனர்" என்றார். சாட்சி இறங்கிப் போனார். மொத்தம் இருபது நிமிடம்.

போனது போனதுதான் என்பதுதான் இதில் பயங்கரம். டெல்லியில் ஒரு பாலியல் வன்முறை வழக்கு. எதிரி வக்கீலை மாற்றினார். புதிய வக்கீல், பழையவர் சரியாகக் கேட்கவில்லை, சாட்சிகளை மறுபடி கூப்பிட வேண்டும் என்றார். உயர் நீதிமன்றம் அனுமதித்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வக்கீல் மாறியதும் முந்தையவர் திறமை போதாது என்பதும் மட்டுமே காரணமாகாது என்றது. பாதிக்கப்பட்ட பெண்ணைத் திரும்பத் திரும்பக் கூண்டில் ஏற்றக்கூடாது என்ற அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். அப்படியானால், ஒரே ஒரு தடவைதான் கேட்க முடியும் என்றால், அந்த ஒரு தடவை கேட்பதற்கு ஆளை அனுப்பும் பொறுப்பு எவ்வளவு பெரியது! காசு கொடுத்தவர் தன் வக்கீலைத் தானே தேர்ந்தெடுத்தார் என்று சொல்லலாம். என் தம்பி யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. அரசு தேர்ந்தெடுத்துக் கொடுத்தவரின் மௌனத்துக்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்?

2022-இல் தேசிய ஆணைக்குழு புது முறை ஒன்றைக் கொண்டுவந்தது. மாவட்டந்தோறும் சம்பளத்துக்கு முழுநேர வக்கீல்கள், தனியார் வழக்கு எடுக்கக் கூடாது, கைதிகளின் வழக்குகள்தான் முழு வேலை. வரவேற்கிறேன். கட்டணம் போதாது என்ற சாக்கு அங்கே எடுபடாது. ஆனால் சம்பளம் வாங்குகிறவரையும் யாராவது கேட்க வேண்டுமே. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. இத்தனை பேருடைய வழக்குக் கட்டுகளை அலுவலகம் மாற்றி அடுக்கினால் மட்டும் போதாது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. வாய்தா தேதியைக் கைபேசிக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பத் தெரிந்த நீதிமன்றக் கணினிக்கு, ஒரு கைதியின் அறுபதாம் நாளை எண்ணத் தெரியாதா? காவலை நீட்டிக்கும் தாளில் அந்தத் தேதியை அச்சடித்துக் கைதி கையில் கொடுங்கள். குற்றச்சாட்டு வனையும் முன் மாஜிஸ்திரேட் வக்கீலைப் பார்க்காமல் எதிரியைப் பார்த்து, "உன் வக்கீலை எத்தனை தடவை பார்த்த? எப்ப?" என்று கேட்டு, பதிலை அவன் வார்த்தையிலேயே எழுதட்டும். வக்கீலின் பில்லில் கட்சிக்காரரைச் சந்தித்த தேதிகளும், அவற்றுக்கு நேரே கைதியின் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கட்டும். இல்லாவிட்டால் பில் திரும்பட்டும். போன் எடுக்காத வக்கீலை மாற்ற அவருடைய சம்மதம் வேண்டும் என்பதைச் சட்ட உதவி வழக்குகளிலாவது ஒழியுங்கள்.

இதைப் படிக்கிற யாருக்காவது வீட்டில் இப்படி ஒன்று நடந்துகொண்டிருந்தால்: போனில் மட்டும் பேசாதீர்கள். எழுதுங்கள். வக்கீலுக்கு எழுதியதன் நகலை மாவட்ட ஆணைக்குழுச் செயலாளருக்குத் தபாலில், ஒப்புகையோடு அனுப்புங்கள். உள்ளே இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் வழியாக வக்கீலை மாற்றக் கேட்டுத் தனியாக மனு கொடுக்கலாம். 15100 என்ற எண் உண்டு, கூப்பிட்டு, கூப்பிட்ட தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு: பேனலில் சேருவது உங்கள் விருப்பம். சேர்ந்தால் அந்த நாற்பது பக்க நோட்டை வாங்கிவிடுங்கள்.

எங்கள் வழக்கில் முதல் சாட்சியைத் திரும்ப அழைக்கக் கோரி, பழைய நடைமுறைச் சட்டத்தின் 311-ஆவது பிரிவில் மனு போட்டிருக்கிறோம். அரசு வக்கீல் அந்த 2015 தீர்ப்பைத்தான் எடுத்துக் காட்டியிருக்கிறார். உத்தரவு இன்னும் வரவில்லை. மனுவோடு நாங்கள் கேட்க விரும்பும் கேள்விகளை இணைத்துக் கொடுத்தோம், மூன்றே மூன்று. எதிரிக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி இருந்ததா? இந்த நோட்டில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா? புகார் கொடுப்பதற்கு முதல் நாள் எதிரி உங்களிடம் என்ன கேட்டார்?